கல்லூரிக்குப் போன பிறகும் நம்மோடு: கிறிஸ்தவ சாரணர் ஊழியத்தில் வாலிபர்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயல் ரேஞ்சர்ஸ், பாத்ஃபைண்டர், பாய்ஸ் பிரிகேட், ட்ரெய்ல் லைஃப் போன்ற அமைப்புகளிலோ, சபையே தொடங்கி நடத்தும் சாரணர் குழுக்களிலோ ஊழியம் செய்யும் தலைவர்கள், பெற்றோர், போதகர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது. 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

சின்ன வயதிலிருந்து எங்களோடு வளர்ந்த பிள்ளை, கல்லூரியில் சேர்ந்த முதல் வருடத்திலேயே காணாமல் போவது ஏன்?

விசுவாசம் தளர்ந்துவிட்டது என்றுதான் பலரும் முதலில் நினைக்கிறார்கள். சிலர் விஷயத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் உங்கள் அமைப்பின் வயதுப் பிரிவுகளை எடுத்துப் பாருங்கள். பாத்ஃபைண்டர் 10 முதல் 15 வயதினருக்கானது. ராயல் ரேஞ்சர்ஸின் மூத்த பிரிவு பள்ளி இறுதி வகுப்போடு நின்றுவிடுகிறது. ட்ரெய்ல் லைஃபில் அட்வென்சரர் பிரிவு 14 முதல் 17 வரை. போன மாதம் வரை அணித் தலைவனாக இருந்து, சின்னப் பையன்களை மழையில் கூடாரம் போட வைத்தவனுக்கு, இந்த மாதம் எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. வாங்க வேண்டிய பேட்ஜ் எதுவும் பாக்கி இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. போ என்று யாரும் சொல்லவில்லைதான். இரு என்றும் யாரும் சொல்லவில்லை.

இந்தச் சிக்கல் நேற்று வந்ததல்ல. 1883-ல் கிளாஸ்கோவில் வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித் பாய்ஸ் பிரிகேடைத் தொடங்கக் காரணமே, ஞாயிறு பள்ளியில் வளர்ந்த பையன்கள் அங்கே ஒட்டாமல் போனதுதான். 1907-ல் சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய சோதனை முகாமுக்கு வந்த சுமார் இருபது சிறுவர்களில் பாய்ஸ் பிரிகேட் பையன்களும் இருந்தார்கள். அங்கிருந்து வளர்ந்த சாரணர் இயக்கமும் கொஞ்ச காலத்திலேயே இதே கேள்வியில் வந்து நின்றது: வயது தாண்டியவர்களை என்ன செய்வது? 1918-ல் ரோவர் பிரிவு உருவானது அப்படித்தான். ஆக, வளர்ந்த பிள்ளைக்கு அடுத்த இடத்தை யாராவது உட்கார்ந்து யோசித்து உருவாக்கினால்தான் அது உருவாகும். பையன் தானாகக் கண்டுபிடித்துக்கொள்வான் என்று விட்டால் பெரும்பாலும் போய்விடுவான்.

அப்படியானால் எந்த வயதில் இதைத் தொடங்க வேண்டும்?

16-ல். பதினெட்டாவது பிறந்தநாளுக்குப் பிறகு ஆரம்பித்தால் மிகவும் தாமதம். அதற்குள் நுழைவுத் தேர்வு, விடுதி, புதிய ஊர், புதிய நண்பர்கள் என்று மனம் வேறு பக்கம் போயிருக்கும்.

பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையைக் கொடுங்கள். முடிச்சுப் போடவோ, திசைகாட்டி பார்க்கவோ, அடுப்பு மூட்டவோ தெரிந்ததைத் தன்னைவிடச் சின்னவர்களுக்குச் சொல்லித் தரட்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் குறுக்கே பேச வேண்டாம். 17-ல் ஒரு நாள் நடைப்பயணத்தை முழுதாகத் திட்டமிடும் பொறுப்பு: பாதை, தண்ணீர், சாப்பாடு, பெற்றோருக்கான கடிதம், திரும்பி வந்த பின் கணக்கு ஒப்படைப்பது வரை. பாத்ஃபைண்டரில் பதின்ம வயதினருக்குத் தனித் தலைமைப் பயிற்சி இருப்பதும், அதற்கு மேலே மாஸ்டர் கைடு என்ற படி இருப்பதும் இந்தத் தேவைக்காகத்தான். உங்கள் அமைப்பில் அப்படி ஒன்று இல்லாவிட்டால் குழு அளவிலேயே நீங்கள் செய்துகொள்ளலாம். தலைமையகத்தின் அனுமதிக்காகக் காத்திருக்கும் விஷயம் இல்லை இது.

இன்னொன்றையும் தவறவிடாதீர்கள். பள்ளி முடிவதற்குச் சில மாதங்கள் முன்பு அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். எல்லோரும் இருக்கும் கூட்டத்தில் அறிவிப்பாகச் சொன்னால் பயனில்லை. ஒரு மூத்த தலைவர், அந்தப் பிள்ளை, முடிந்தால் பெற்றோரில் ஒருவர் இருந்தால் போதும். எங்கே படிக்கப் போகிறாய், வருடத்தில் எந்த நாட்களில் வீட்டில் இருப்பாய், எங்களோடு சேர்ந்து எதைச் செய்ய உனக்கு ஆசை என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். வரும்வரை பொறுத்திருங்கள். பிரிவு உபசார விழாவில் பரிசு கொடுத்துக் கைகுலுக்கி அனுப்புவதைவிட இந்த அரை மணி நேரம் பெரியது.

18 ஆனதும் நேராகத் தலைவராக்கிவிடலாமா?

கூடாது. ஒரே இரவில் யாரும் தலைவராகிவிடுவதில்லை. நேற்று வரை கூடவே ஓடி விளையாடிய பதினாறு வயதுத் தம்பிக்கு இன்று அவர் 'சார்' ஆக முடியாது. உதவித் தலைவர், பயிற்சித் தலைவர் என்று ஒரு இடைநிலை வேண்டும். ட்ரெய்ல் லைஃபில் 18 முதல் 25 வயதினருக்கு கைடன் என்று தனிப் பிரிவே இருக்கிறது.

அதே நேரம், இடைநிலை என்றால் நாற்காலி தூக்குபவர் என்று அர்த்தமாகிவிடக் கூடாது. கல்லூரி வாலிபர்கள் மனம் வெறுத்துப் போவதற்கு நான் திரும்பத் திரும்பக் காணும் காரணம் இதுதான்: அவர்களுடைய உடல் பலம் தேவைப்படுகிறது, அவர்கள் கருத்து தேவைப்படுவதில்லை. பந்தல் போட அழைப்பார்கள். அந்த முகாமுக்கு என்ன தலைப்பு என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்கு அழைக்க மாட்டார்கள். திட்டக்குழுவில் ஒரு இடம் அவர்களுக்கென்று இருக்கட்டும். அங்கே அவர்கள் சொல்வது குறிப்பேட்டில் ஏறட்டும்.

பாதுகாப்பு விதிகளில் என்ன மாறுகிறது?

நிறைய மாறுகிறது. இந்தப் பகுதியை மட்டும் வேகமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலான நாடுகளில் 18 முடிந்தவர் சட்டத்தின் கண்ணில் பெரியவர். அதனால் மற்றத் தலைவர்களுக்கு உள்ள எல்லாமே அவருக்கும் உண்டு: எழுத்துப்பூர்வமான விண்ணப்பம், பின்னணிச் சரிபார்ப்பு, குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி. "நம்ம சபைப் பிள்ளைதானே, தொட்டில் பருவத்திலிருந்து தெரியுமே" என்பது விலக்குக்குக் காரணமாகாது. போதகரின் மகனுக்கும் இதே விதிதான்.

முகாமில் 18 தாண்டியவர் சிறுவர்களின் கூடாரத்தில் படுக்கக் கூடாது. போன வருடம் அதே கூடாரத்தில் இருந்த நண்பன் இன்னும் 17 வயதில் இருந்தாலும் சரி. சிறுவர் ஒருவரோடு தனியாக அறையில் இருப்பது, வண்டியில் தனியாக ஏற்றிச் செல்வது, தனிச் செய்தி அனுப்புவது எதுவும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் பேச வேண்டுமென்றால் வேறு தலைவர்களும் பெற்றோரும் இருக்கும் குழுவில் பேசட்டும்.

எண்ணிக்கையிலும் கவனம் தேவை. ஸ்கவுட்டிங் அமெரிக்காவின் விதிப்படி (2025 வரை பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற பெயரில் இருந்தது), ஒவ்வொரு நிகழ்வுக்கும் 21 வயது நிறைந்த, பதிவு செய்த பெரியவர்கள் இருவராவது இருந்தாக வேண்டும். 18 வயதில் ஒருவர் உதவித் தலைவராகலாம், ஆனால் அந்த இருவர் கணக்கில் வரமாட்டார். உங்கள் அமைப்பின் விதி எதுவானாலும், இந்த முறையைப் பின்பற்றுவது நல்லது என்பது என் எண்ணம். ஆள் குறைகிறது என்பதற்காகப் பத்தொன்பது வயதுக்காரரிடம் முழு முகாமின் பொறுப்பையும் ஒப்படைப்பது அவருக்கும் செய்யும் அநியாயம்.

காதல் விஷயத்தைப் பேசத் தயங்குகிறோம். பதினெட்டு வயது உதவித் தலைவருக்கும் பதினேழு வயது உறுப்பினருக்கும் இடையே நட்பு வேறு மாதிரி வளரலாம். அப்படி நடந்த பிறகு விசாரணை நடத்துவதைவிட, பொறுப்புக் கொடுக்கும் நாளிலேயே, தலைமைப் பொறுப்பில் இருக்கும் காலத்தில் அது கூடாது என்று முகம் பார்த்துச் சொல்லிவிடுங்கள். இந்த விதிகளின் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் வாலிபர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். சிறுவர்களை மட்டுமல்ல, வாலிபர்களுடைய நற்பெயரையும் இவை காக்கின்றன.

வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறவர்கள் எப்படிப் பங்கெடுக்க முடியும்?

வாராந்திரக் கூட்டத்தை அளவுகோலாக வைத்தால் முடியாது. வாராவாரம் வர முடியாதவர் வேண்டாதவர் என்ற எண்ணம் நம் பேச்சில் எங்கோ வெளிப்பட்டுவிடும், அவர்களும் அதைப் புரிந்துகொண்டு ஒதுங்கிவிடுவார்கள். எனவே ஆண்டு நாட்காட்டியை மாற்றுங்கள். கல்லூரிகளின் பருவ விடுமுறைகள் எப்போது என்று முதலில் கேட்டு வாங்கி, அதற்குப் பிறகு பெரிய முகாமின் தேதியைக் குறியுங்கள். பல குழுக்களில் தேதி முதலில் முடிவாகிறது. வாலிபர்களுக்குத் தேர்வு நடக்கும் வாரமாக அது அமைந்துவிடுகிறது. பிறகு "அக்கறையே இல்லை" என்று வருத்தப்படுகிறோம்.

வருடத்தில் ஒரு நிகழ்வாவது முழுக்க அவர்கள் கையில் இருக்கட்டும். விடுமுறையில் நடக்கும் குளிர்கால முகாமோ, இளைய பிரிவினருக்கான திறன் போட்டி நாளோ, எதுவாகவும் இருக்கலாம். அவர்கள் செய்யாவிட்டால் அது நடக்காது என்ற அளவுக்கு உண்மையான பொறுப்பாக இருக்க வேண்டும். நாம் பின்னாலிருந்து எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டு மேடையில் மட்டும் அவர்களை நிறுத்தினால் உடனே தெரிந்துவிடும்.

தூரத்தில் இருந்தபடி செய்யும் வேலைகளும் இருக்கின்றன. முகாம் தியானங்களை எழுதலாம். வரைபடத்தில் பாதை போடலாம். பதிவுப் படிவங்களையும் உணவுப் பட்டியலையும் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பேட்ஜ் பாடத்தைக் காணொளி அழைப்பில் நடத்தலாம், கூடவே இன்னொரு தலைவர் அழைப்பில் இருக்க வேண்டும். மின்னணுவியல் படிக்கும் பெண்ணிடம் வானொலித் தொடர்பு பேட்ஜைக் கொடுங்கள். செவிலியர் படிப்பில் இருப்பவரிடம் முதலுதவியைக் கொடுங்கள். படிக்கும் பாடமே ஊழியத்துக்குள் நுழையும்போது அவர்கள் முகம் மாறுவதை நீங்களே காண்பீர்கள்.

ஒரு ஆள் வேண்டும், அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். போன ஒவ்வொரு வாலிபருக்கும் குழுவில் ஒரு மூத்தவரை நியமியுங்கள். மாதம் ஒரு முறை அழைத்துப் பேசட்டும். முகாமுக்கு ஆள் தேவைப்படும்போது மட்டும் அலைபேசி ஒலித்தால் அடுத்த முறை எடுக்க மாட்டார்கள்.

உள்ளூரிலேயே படிக்கிறவர்கள்? அவர்கள்தான் எப்போதும் இருக்கிறார்களே.

அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் எல்லா வேலையும் அவர்கள் தலையில் விழுகிறது. சனிக்கிழமை சாரணர் கூட்டம், ஞாயிறு பாடகர் குழு, ஒலிபெருக்கி, சிறுவர் ஊழியம், நடுவில் தேர்வு. இரண்டு வருடம் மறுபேச்சில்லாமல் செய்துவிட்டு மூன்றாவது வருடம் எதற்கும் வராமல் போவார்கள். ஒரு பருவத்துக்கு ஒரு பொறுப்பு, அதற்கு ஆரம்பத் தேதியும் முடியும் தேதியும் என்று எழுதிக் கொடுங்கள். முடிந்ததும், தொடர விருப்பமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் அதற்காகக் குற்றவுணர்வு உண்டாக்காதீர்கள்.

தேர்வு நேரத்தில் விடுப்பு கொடுக்கலாமா?

கேட்கும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

படிப்பு கெட்டுவிடும் என்று பெற்றோர் தடுக்கிறார்கள். என்ன சொல்வது?

அவர்கள் கவலை நியாயமானது. ஊழியத்தின் பெயரைச் சொல்லி அதை அடக்கப் பார்க்க வேண்டாம். எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். பாதி நாள் என்று சொல்லி இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பினால் அடுத்த முறை உங்கள் வார்த்தை எடுபடாது.

பிள்ளைக்குக் கிடைப்பதையும் சொல்லலாம், அதற்குச் சான்றும் தரலாம். வனப்பகுதி முதலுதவிப் பயிற்சி வழக்கமாக 16 மணி நேரம், இரண்டு நாளில் முடிந்துவிடும், சான்றிதழ் உண்டு. நீச்சல் உயிர்காப்பு, இயற்கையில் தடம் பதிக்காமல் தங்குவதற்கான ஏழு கோட்பாடுகள் கொண்ட பயிற்சி போன்றவற்றுக்கு ஊழியமே கட்டணம் செலுத்தினால், உன்னைப் பயன்படுத்த மட்டும் இல்லை, வளர்க்கவும் நினைக்கிறோம் என்பது சொல்லாமலே புரியும். முகாமின் வரவுசெலவைப் பார்த்தவர், முப்பது சிறுவர்களுக்குச் சமையல் ஏற்பாடு செய்தவர் என்று என்ன செய்தார் என்பதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது "நல்ல பிள்ளை" என்ற பொதுவான பாராட்டைவிட அது உதவும்.

பயணச் செலவை யார் ஏற்பது?

ஊழியம்தான் ஏற்க வேண்டும். மாணவரிடம் பணம் இருக்காது, இல்லை என்று சொல்லவும் கூச்சப்படுவார். வரவில்லை என்று மட்டும் நமக்குத் தெரியும், காரணம் தெரியாது.

முகாமில் ஜெபம் நடத்தியவர் இப்போது விசுவாசத்தைப் பற்றியே கேள்வி கேட்கிறார். அவரைச் சிறுவர்கள் முன் நிறுத்தலாமா?

முதலில், அவர் உங்களிடம் கேட்டாரே என்று கர்த்தருக்கு நன்றி சொல்லுங்கள். கேட்காமல் போனவர்கள் எத்தனையோ பேர்.

கேள்வி கேட்பதும், சிறுவர்களுக்கு எதிரான போதனை கொடுப்பதும் ஒன்றல்ல. மனதில் தெளிவில்லாத காலத்தில் தியானம் நடத்தச் சொல்லி அவரை நடிக்க வைக்காதீர்கள். "இந்த முகாமில் தியானத்தை இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும், பாறையேற்றம் உன் பொறுப்பு" என்று நேராகச் சொல்லலாம். தண்டனைபோல் தோன்றாதபடி, முழு மரியாதையோடு சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவரோடு தொடர்ந்து பேச ஒருவர் இருக்க வேண்டும். ஒரே சந்திப்பில் பதில் சொல்லி முடித்துவிடும் அவசரம் இல்லாத ஒருவர்.

யோவான் 20-ஆம் அதிகாரத்தில் தோமா தன் சந்தேகத்தைச் சொன்ன பிறகு எட்டு நாள் கடக்கிறது. கர்த்தர் மறுபடி வரும்போது தோமா சீஷர்களோடு வீட்டுக்குள் இருக்கிறான். அந்த எட்டு நாளும் அவர்கள் அவனைத் தள்ளிவைக்கவில்லை. காணாமல் நம்ப மாட்டேன் என்று சொன்னவன், காணும் நாளில் அங்கே இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. சேவை செய்யும் வாலிபர்களுக்குப் போஷிப்பு எங்கே கிடைக்கிறது? ஒவ்வொரு கூட்டத்திலும் சிறுவர்களுக்கு ஏற்ற கதையையே கேட்டுக்கொண்டிருந்தால் அவர்கள் ஆத்துமா பசியோடுதான் இருக்கும். அவர்கள் வயதுக்கான வேதபாடக் குழு தனியாக வேண்டும். கல்லூரியில் ஒரு கிறிஸ்தவ ஐக்கியம் இருந்தால் அதைப் போட்டியாகப் பார்க்காமல் நீங்களே அவரை அங்கே அறிமுகப்படுத்துங்கள். ராயல் ரேஞ்சர்ஸ் நடத்தும் அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபைப் பிரிவே கை ஆல்ஃபா (Chi Alpha) என்ற கல்லூரி ஊழியத்தையும் நடத்துகிறது. ஒன்று இன்னொன்றின் ஆட்களைப் பறிக்க ஏற்பட்டதல்ல.

சீருடையும் உறுதிமொழியும் சின்னப்பிள்ளைத்தனம் என்கிறார்கள்.

19 வயதில் அப்படித் தோன்றுவது இயல்பு. சிறுவர்களோடு இருக்கும் நேரத்தில் சீருடை இருக்கட்டும், தங்களுக்குள் கூடும்போது வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். இதற்காக வாதாடி ஒருவரை இழப்பது வீண்.

மூத்த தலைவர்கள் இடம் விட மறுக்கிறார்கள். இதை எப்படிக் கையாள்வது?

கஷ்டமான கேள்வி. அந்த மூத்தவர்கள் மழையிலும் வெயிலிலும் இந்தக் குழுவைக் கட்டியவர்கள். தங்கள் சம்பாத்தியத்தில் கூடாரம் வாங்கியவர்களும் அவர்களில் உண்டு. அவர்களை ஓரங்கட்டித்தான் வாலிபர்களைக் கொண்டுவர வேண்டும் என்றால் அது ஊழியமாகாது.

எதை விட்டுக்கொடுக்கிறோம், எதை விடவில்லை என்பதை வரையறுத்தால் பயம் குறைகிறது. பாதுகாப்பு விதி, உபதேசம், பணக்கணக்கின் தணிக்கை ஆகியவை மூத்தவர்களிடமே இருக்கட்டும். பாட்டு, விளையாட்டு, கேம்ப் ஃபயர் நிகழ்ச்சி, பாதை, சாப்பாடு, நேர அட்டவணை ஆகியவற்றில் வாலிபர்களின் முடிவே இறுதி. இந்த வட்டத்துக்குள் அவர்கள் தவறு செய்தாலும் நடுவில் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதமானால் யாரும் செத்துவிட மாட்டார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு உட்கார்ந்து பேசலாம், சிறுவர்கள் முன்னால் கண்டிக்கவே கூடாது.

மூத்தவர்களுக்கும் அடுத்த இடம் தேவை என்பதை மறந்துவிடுகிறோம். மேலே சொன்ன மாதாந்திர அழைப்பு, பயிற்சியாளர் பொறுப்பு, ஜெபத் தாங்குதல் எல்லாம் அவர்களால் மட்டுமே நன்றாகச் செய்யக்கூடியவை. அந்த வேலைக்கு மதிப்புக் கொடுத்துப் பெயர் சொல்லி ஒப்படைத்தால், பலர் மகிழ்ச்சியோடு நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள்.

இரண்டு வருடம் தொடர்பே இல்லாதவர் திடீரென்று திரும்பி வந்தால்?

எங்கே போனாய் என்று விசாரிக்காமல் வரவேற்றுச் சாப்பாட்டுக்கு உட்கார வையுங்கள். பாதுகாப்புச் சரிபார்ப்பு காலாவதியாகியிருந்தால் புதுப்பிக்க வேண்டும், அதில் சலுகை இல்லை. மற்றதில் தாராளமாக இருங்கள். ஊழியப் பயணத்தின் நடுவே பம்பிலியாவிலே விட்டுப் பிரிந்துபோன மாற்குவை மறுபடி அழைத்துப்போக பவுல் சம்மதிக்கவில்லை, பர்னபா சேர்த்துக்கொண்டான். பிற்காலத்தில் அதே மாற்கு ஊழியத்தில் தனக்குப் பிரயோஜனமுள்ளவன், அவனைக் கூட்டிக்கொண்டு வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதினவர் பவுல்தான். திரும்பி வருகிறவருக்கு உங்கள் குழுவில் ஒரு பர்னபா இருக்கிறாரா என்று பாருங்கள்.

நாங்கள் சரியாகச் செய்கிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடந்த ஐந்து வருடங்களில் பள்ளி முடித்துப் போனவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரோடு கடைசியாக யார், எப்போது பேசினார் என்று எழுதுங்கள். முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையைவிட அந்தத் தாள் உண்மையைச் சொல்லும்.

இவ்வளவும் செய்து வளர்த்தவர், படிப்பு முடிந்து வேறு ஊரில் வேலை கிடைத்து வேறு சபைக்குப் போய்விட்டால் எங்களுக்கு என்ன பலன்?

அவர் போகும் ஊரில் உள்ள பிள்ளைகளுக்குப் பலன். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, திட்டமாகவே சொல்கிறேன். போகும் முன் அவருடைய பயிற்சிப் பதிவுகளையும் சான்றிதழ்களையும் தொகுத்துக் கையில் கொடுங்கள். அந்த ஊரில் உங்கள் அமைப்பின் குழு இருந்தால் அதன் தலைவருக்கு நீங்களே எழுதுங்கள், பாதுகாப்புப் பரிந்துரையையும் சேர்த்து. அங்கே குழு இல்லையென்றால், ஒன்றைத் தொடங்க அவருக்கு மனமிருக்கிறதா என்று கேளுங்கள். மனமிருந்தால், முதல் வருடம் உங்கள் குழுவின் பழைய கூடாரங்களையும் சமையல் பாத்திரங்களையும் இரவல் கொடுத்து, முதல் முகாமுக்கு உங்களில் இரண்டு பேர் உதவிக்குப் போய் வாருங்கள்.